கான்கிரீட்டும் கடற்காற்றும்

கறையான் அரிக்காதது, தீக்கு எளிதில் இரையாகாதது, நாளாக ஆக இறுகுவது என்னும் சிறப்புகளால் கான்கிரீட் அழிவற்றது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. ஓட்டுக் கூரையை ஆண்டுக்கொரு முறை ஏறிப் பார்த்து உடைந்த ஓட்டை மாற்றுகின்றவர்களே, தளம் போட்ட வீட்டுக்கு மாறிய பின் அதை அண்ணாந்து பார்ப்பதையும் விட்டுவிடுகின்றனர். கான்கிரீட் தனித்து நின்றால் இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ரோமானியர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் இரும்புக் கம்பியின்றி எழுப்பிய பாந்தியன் கோயிலின் கான்கிரீட்டுக் குவிமாடம் இன்றும் நிற்கிறது. ஆனால் இக்காலத்துக் கான்கிரீட்டின் வயிற்றில் இரும்பு இருக்கிறது. நோய் தொடங்குவது அங்கேதான்.

கொங்கணக் கடற்கரையிலோ ஒடிசாக் கடற்கரையிலோ ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகக் கொள்வோம். கட்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. தாழ்வாரத் தளத்தின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறக் கறையொன்று நேர்கோடாகத் தென்படுகிறது. அடுத்த மழைக்காலத்தில் அதே கோட்டில் மெல்லிய வெடிப்பு உண்டாகிறது. மேலதிகாரி பார்வையிட வரும் முன்னர் அதன்மேல் சிமெண்டுச் சாந்து பூசிச் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் பூச்சும், அதனோடு ஒட்டியிருந்த பழைய கான்கிரீட்டும் கையகலப் பொருக்காகப் பெயர்ந்து விழுகின்றன. விழுந்தது விடுமுறை நாளாயின் நற்பேறு. பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து பாடம் கேட்கும் வேளையாயின் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை. மறுபடியும் பூச்சு வேலைக்குத் தொகை ஒதுக்கப்படுகிறது. இந்தச் சுழலில் செலவாகும் பணத்தைவிட, அதில் கழியும் ஆண்டுகளே பெரிய இழப்பு. ஏனெனில் கம்பி அத்தனை காலமும் இடையறாது தேய்ந்துகொண்டிருக்கிறது.

இரும்பின் இடம்

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்குவதிலோ அதன் வலிமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. இரண்டு சுவர்களின்மேல் கிடக்கும் தளம் தன் பாரத்தால் சற்றே தொய்யும்போது அதன் மேற்பகுதி நெருக்குண்கிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. ஆகவே இழுபடும் அடிப்பகுதியில் இரும்புக் கம்பிகள் இடப்படுகின்றன. பாரத்தைத் தாங்கும் பொருட்டுக் கம்பி எவ்வளவுக்கெவ்வளவு விளிம்பை ஒட்டி இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் தப்பும் பொருட்டோ அது உட்புறம் தள்ளியிருக்க வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் எதிரெதிரானவை. இவற்றிற்கிடையே செய்துகொண்ட சமரசமே கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே விடப்படும் கான்கிரீட்டின் கனம். கொத்தனார்கள் இதைக் ‘கவர்’ என்பர். இக்கட்டுரையில் மேலே கூறப்படுவன யாவும் அந்த இருபது முப்பது மில்லிமீட்டர் கனத்தைப் பற்றியனவே.

அக்கனம் வெறும் போர்வையன்று. சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகும்போது நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் நீர் இதனால் மிகுந்த காரத்தன்மை அடைகிறது. அதன் பி.எச். எண் 12.5 முதல் 13 வரை இருக்கும். இத்தகைய காரநீரில் இரும்பின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிந்து, துரு மேலும் தொடராதவாறு காக்கிறது. தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே உள்ள இந்தப் படலம் குலையாத வரையில், ஈரம் உள்ளே புகுந்தாலும் கம்பிக்குக் கேடில்லை. அதைக் குலைப்பவை இரண்டு: காற்றிலுள்ள கரியமிலவாயு ஒன்று, உப்பு மற்றொன்று.

கரியமிலவாயு

கரியமிலவாயு கான்கிரீட்டின் துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து சுண்ணாம்புடன் கூடிக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணக் கல்லாக, மாறுகிறது. இதனால் கான்கிரீட்டுக்குத் தீங்கில்லை. சற்று இறுகவும் செய்யும். ஆனால் காரத்தன்மை போய்விடுகிறது. பி.எச். எண் 9-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த மாறுதல் வெளிப்பரப்பில் தொடங்கி ஒரு முகப்பாக உள்நோக்கி நகர்கிறது. முகப்பு கம்பியைத் தொடும் நாளில் காப்புப் படலம் குலைகிறது.

முகப்பு நகரும் வேகத்தில் ஆசிரியர்கள் கணக்கு வகுப்பிலும் எடுத்துக்காட்டத்தக்க ஒரு விதி உண்டு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. ஒரு தளத்தில் முதல் 4 ஆண்டுகளில் 5 மில்லிமீட்டர் ஆழம் மாறியிருப்பின், 10 மில்லிமீட்டரை அடைய 16 ஆண்டுகளும், 15 மில்லிமீட்டரை அடைய 36 ஆண்டுகளும், 20 மில்லிமீட்டரை அடைய 64 ஆண்டுகளும் ஆகும். இதை மறுதலையாகப் பார்த்தால்தான் இதன் கடுமை புலப்படும். வரைபடத்தில் 20 மில்லிமீட்டர் என்று குறித்த கவரை, கம்பி கட்டுபவரின் அசட்டையால் 10 மில்லிமீட்டராக விட்டுவிட்டால் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. 64 ஆண்டுகள் காவல் நிற்க வேண்டிய சுண்ணாம்பு 16 ஆண்டுகளிலேயே தீர்ந்துபோகிறது. கான்கிரீட் வார்க்கும் நாளன்று கம்பி வலையின்மேல் சும்மாட்டுடன் ஆட்கள் மிதித்து நடந்து, அது சென்ட்ரிங் பலகையோடு அமுங்கிக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். அந்த ஒரு மணி நேர வேலையில் ஐம்பது ஆண்டுகள் பறிபோகின்றன என்றால் மிகையன்று.

முகப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உயர்நிலைப் பள்ளியின் இரசாயனச் சாலையிலுள்ள பினாப்தலீன் போதும். ஒரு கிராம் பினாப்தலீனைச் சாராயத்தில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கிக்கொள்க. கான்கிரீட்டில் ஒரு மூலையைப் புதிதாக உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, உடைந்த முகத்தில் இக்கரைசலைத் தெளிக்க வேண்டும். காரத்தன்மை எஞ்சிய பகுதி செந்நீலச் சிவப்பாக மாறும். காரம் இழந்த பகுதி நிறமற்றே இருக்கும். நிறமற்ற பட்டையின் அகலத்தை அளவுகோலால் அளந்து, கட்டடத்தின் வயதோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால் மேற்கூறிய விதியின்படி மீதியுள்ள காலத்தை ஒருவாறு மதிப்பிடலாம். பழைய உடைவில் தெளித்தால் பயனில்லை. அது முன்னரே காற்றுப்பட்டிருக்கும்.

ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். காப்பு நீங்கியவுடன் துரு வந்துவிடுவதில்லை. துருவுக்குத் தண்ணீரும் பிராணவாயுவும் தேவை. எப்போதும் உலர்ந்திருக்கும் உள்ளறைத் தளங்களில் முகப்பு கம்பியைக் கடந்த பின்னும் கம்பி நெடுங்காலம் கெடாமலிருக்கலாம். தாழ்வாரம், குளியலறை, ஜன்னலுக்கு மேலுள்ள நிழல்தளம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் ஆகியவை முதலில் கெடுவதற்குக் காரணம் இதுவே. மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்துக்கொண்ட இலைச் சருகை மாதம் ஒருமுறை அகற்றுவது, செப்பனிடும் வேலைகள் அனைத்திலும் மலிவானது. பெரும்பாலும் எவரும் செய்யாததும் அதுவே.

உப்பு

உப்பின் செயல் வேறு வகையானது. அது காரத்தன்மையைப் போக்குவதில்லை. காரம் நிறைந்த இடத்திலேயே காப்புப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகிறது. துளைத்த இடம் சிறு மின்கலத்தின் ஒரு வாயாகவும், சுற்றிலும் நல்ல நிலையிலுள்ள கம்பி மற்றொரு வாயாகவும் அமைகின்றன. சிறு துளைக்குப் பெரிய பரப்பு துணை நிற்பதால் அவ்விடத்தில் இரும்பு வெகு விரைவில் கரைந்து குழி விழுகிறது. மேலும், இந்தச் செயலில் உப்பு செலவாவதில்லை. குளோரைடு இரும்புடன் கூடி, பின்னர் பிரிந்து, மீண்டும் அதே வேலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே ஒருமுறை உட்புகுந்த உப்பு கட்டடம் உள்ளவரை கேடு செய்யவல்லது.

உப்பு வரும் வழிகள் இரண்டு. கடற்காற்று தெளித்துவிட்டுச் செல்வது ஒன்று. இது கரையிலிருந்து உள்நாடு செல்லச் செல்லக் குறையும். மற்றொன்று, கட்டுபவர்களே கலவையில் சேர்த்துவிடுவது. இது வேதனைக்குரியது, முழுவதும் தவிர்க்கக்கூடியதும் ஆகும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு 1953-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கம்பியிட்ட கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உண்டு. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 175 லிட்டர் தண்ணீர் தேவை. நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்று கடல்நீரை ஊற்றினால் உட்செல்லும் குளோரைடு 3.3 கிலோகிராம், அதாவது அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். கட்டடம் பிறக்கும்போதே நோயுடன் பிறக்கிறது. கழுவாத கடற்கரை மணலும், கரையோரக் கிணறுகளின் உவர்நீரும் இதே தீங்கைச் சிறிய அளவில் செய்யும். கம்பியிட்ட வேலைக்குரிய கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்று அதே விதித்தொகுப்பு கூறுகிறது. நாவில் வைத்துப் பார்த்து ‘கரிப்பு அவ்வளவாக இல்லை’ என்று முடிவு செய்யும் வழக்கம் கைவிடத்தக்கது. சுவைக்குத் தோன்றாத அளவும் இரும்புக்கு மிகுதியாகலாம்.

கடலில் நிற்கும் தூணை எடுத்துக்கொண்டால், முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும் பகுதி அல்ல முதலில் கெடுவது. அங்கே உப்பு மிகுதி; ஆயினும் பிராணவாயு குறைவு. ஏற்றவற்றத்தில் நனைந்து காயும் பகுதியும், அலை தெறிக்கும் பகுதியுமே விரைந்து கெடுகின்றன. நனையும்போது உப்பு உள்ளே செல்கிறது. காயும்போது நீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. அடுத்த அலையில் மேலும் சேர்கிறது. உப்பளத்தில் நடப்பதே தூணின் தோலுக்கடியிலும் நடக்கிறது.

இதன் விளைவு எத்துணைப் பெரிதாகலாம் என்பதை நாட்டின் மேற்குக் கரை கண்டிருக்கிறது. கோவாவில் பனாஜி நகரையொட்டி மாண்டவி ஆற்றின்மேல் கட்டப்பட்டிருந்த பாலம் 1986 ஜூலை 5-ஆம் நாள் இடிந்து விழுந்தது. அதன் வயது அப்போது ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளே. அது முன்னிறுக்கக் கான்கிரீட்டினால் ஆனது. இவ்வகையில், உயர்ந்த வலிமையுள்ள மெல்லிய எஃகுக் கம்பிகளை விறைப்பாக இழுத்துப் பூட்டி, அவ்விறைப்பினாலேயே கான்கிரீட் நெருக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கம்பி சிறிது தேய்ந்தால் பாரத்தைத் தாங்கும் அளவு சற்றுக் குறையும். விறைத்து நிற்கும் மெல்லிய கம்பியில் குழி விழுந்தாலோ அது அறுந்தேபோகும். பாலத்தின் வீழ்ச்சிக்குக் கம்பிகளின் அரிப்பு முக்கியக் காரணமாகப் பொறியியலாளர்களால் கூறப்படுகிறது. மும்பையில் தாணேக் கழியின்மேல் 1973-இல் திறக்கப்பட்ட பாலத்திலும் இறுக்கக் கம்பிகள் அரிப்புக்கு உள்ளாகி, விரிவான செப்பனிடும் வேலைகள் தேவைப்பட்டன. இவை சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டாத பெரிய வேலைகள் என்று எண்ண வேண்டா. பாலத்தின் கம்பியிலும் தாழ்வாரத்தின் கம்பியிலும் நிகழும் இரசாயனம் ஒன்றே.

வகுப்பறையில் காட்டத்தக்கது

மேலே கூறியவற்றை மாணவர்கள் கண்ணால் காணும்படி செய்யலாம். துத்தநாகப் பூச்சில்லாத இரும்பு ஆணிகள் நான்கை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, நான்கு கண்ணாடிக் குப்பிகளில் இடுக. முதற் குப்பியில் கிணற்று நீரும், மற்ற மூன்றில் தெளிந்த சுண்ணாம்பு நீரும் ஊற்ற வேண்டும். இரண்டாவதை நன்கு அடைத்து வைக்க வேண்டும். மூன்றாவதைத் திறந்தே விட்டு, அவ்வப்போது ஒரு குழல் வழியாக அதில் மூச்சை ஊத வேண்டும். நான்காவதில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து அடைக்க வேண்டும். முதல் ஆணி சில நாட்களில் பழுப்பாகும். இரண்டாவது பல வாரங்களுக்குப் பின்னும் பளபளப்பாக இருக்கும். மூன்றாவது குப்பியில் ஊதிய மூச்சினால் நீர் பால்போல் கலங்கி, காரம் நீங்கிய பின்னர் ஆணி துருவேறத் தொடங்கும். நான்காவதில் சுண்ணாம்பு இருந்தும் ஆணியில் புள்ளி புள்ளியாகத் துரு எழும். குழலில் ஊதும் பிள்ளை சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடாதபடியும், அது கண்ணில் தெறிக்காதபடியும் ஆசிரியர் அருகிலேயே நின்று பார்த்துக்கொள்வது அவசியம்.

நோயைக் கண்டறிதல்

துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த விரிவினால்தான் கவர் பிளந்து பெயர்கிறது. ஆகவே கம்பி செல்லும் வழியே நீளவாக்கில் ஓடும் வெடிப்பு துருவின் அடையாளம். மேற்பூச்சில் சிலந்தி வலைபோல் பரவிய மெல்லிய வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வந்தவை. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் முன்னரே காதுக்குத் தெரியும். சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கத்தைச் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே சென்றால், கெட்டியான இடம் ‘ணங்’ என்று ஒலிக்கும். உள்ளே பிளவுபட்ட இடம் பானையைத் தட்டினாற்போல் பொள்ளென்று ஒலிக்கும். தட்டும் முன்னர் கீழே எவரும் நில்லாதபடி செய்துகொள்ள வேண்டும். பொள்ளலான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டினால் பொறியாளரின் வேலை பாதி முடிந்தாற்போலாகும்.

பொறியாளர்கள் இதற்கு மேலும் ஒரு சோதனை செய்வர். மயில்துத்தக் கரைசலில் செப்புக் கோலை வைத்த ஒரு மின்வாயைக் கான்கிரீட்டின்மேல் பொருத்தி, மறுமுனையைக் கம்பியுடன் இணைத்து, மின்னழுத்தம் அளக்கப்படும். எதிர் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே சென்றால் அவ்விடத்தில் அரிப்பு நிகழ்வதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு உண்டென்று கொள்வர். தட்டிப் பார்த்ததில் தெரியாத இடங்களும் இதில் வெளிப்படும்.

செப்பனிடும் முறை

செப்பனிடுவதில் முதல் வேலை முட்டுக் கொடுப்பதே. கான்கிரீட்டைக் கொத்தி எடுக்கும்போது தளம் மேலும் நலிவடையும் என்பதை மறந்து விபத்துக்கு உள்ளானவர்கள் உண்டு. எங்கெங்கு, எத்தனை முட்டுக்கள் என்பதைப் பொறியாளரே சொல்ல வேண்டும்.

அடுத்தது கொத்துதல். பெரும்பாலான செப்பனிடுதல் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். தொங்கும் பொருக்கை மட்டும் உதிர்த்துவிட்டு, கம்பியின் முகம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. கம்பியின் பின்புறத்தில் உப்பேறிய கான்கிரீட் அப்படியே இருக்க, முன்புறத்தில் புதுச்சாந்து பூசுவதால் யாது பயன்? கம்பியைச் சுற்றிலும், அதன் பின்னே விரல் நுழையும் அளவுக்கு, அதாவது சுமார் 25 மில்லிமீட்டர், கான்கிரீட் எடுக்கப்பட வேண்டும். நீளவாக்கில் துருவில்லாத கம்பி தென்படும்வரை சென்று, அதற்கப்பாலும் சிறிது தூரம் கொத்த வேண்டும். ஓரங்களைச் சரிவாக மழுக்கிவிடாமல் செங்குத்தாக வெட்டுதல் நன்று. மெல்லிய ஓரத்தில் புதுச்சாந்து நிற்காது. பின்னர் கம்பியை இரும்புப் பிரஷினாலோ மணல் வீச்சினாலோ வெண்மை தெரியும்வரை துலக்கி, நல்ல தண்ணீரால் கழுவி உலரவிட வேண்டும். குழிகளில் தங்கிய உப்பு பிரஷுக்கு அகப்படாது, கழுவினால்தான் போகும். இந்நிலையில் கம்பியின் குறுக்களவை அளந்து பார்ப்பது கட்டாயம். பெரிதும் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க நேரிடும்.

துலக்கிய கம்பிக்குக் காப்புப் பூச்சு இடுவதுண்டு. 1953 முதல் இயங்கிவரும் காரைக்குடி மத்திய மின்-இரசாயன ஆராய்ச்சி நிலையம் துருத்தடுப்பிகள் கலந்த சிமெண்டுக் குழம்புப் பூச்சு முறையை இதற்கென வகுத்துள்ளது. பழைய கான்கிரீட்டை நனைத்து, மேற்பரப்பு உலர்ந்த நிலையில் பிணைப்புக் குழம்பு தடவி, அது காயும் முன்னரே புதுச்சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். சாந்தில் லேடெக்ஸ் போன்ற பாலிமர்களைச் சேர்ப்பதால் பிடிப்பு மிகும். நீர் ஊடுருவுதல் குறையும். பெரிய குழிகளுக்குக் கையால் பூசுவதைவிடப் பலகையடைத்துப் பொடிஜல்லிக் கான்கிரீட் ஊற்றுவதே சிறந்தது. பிறகு சாக்குப் போர்த்திக் குறைந்தது 7 நாட்கள் ஈரம் காக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள பரப்பில் ஈரம் காப்பது தொல்லையான வேலை. அதனாலேயே அது விடுபட்டுப்போகிறது, ஒட்டும் விடுபட்டுப்போகிறது. பாலிமர்ச் சாந்தாயின், எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்தே செய்க. எல்லாச் சாந்துக்கும் ஒரே முறை பொருந்தாது.

இத்தனையும் பழுதறச் செய்த பின்னரும் உப்பேறிய கட்டடங்களில் வியப்பான ஒரு நிகழ்ச்சி காணப்படும். ஒட்டுப் போட்ட இடம் நன்றாயிருக்க, அதைச் சுற்றியுள்ள பழைய பகுதி ஓரிரு ஆண்டுகளில் வெடிக்கும். வேலை செய்தவர்மேல் பழி சுமத்தப்படும். உண்மைக் காரணம் மின்-இரசாயனமே. துருவேறிக்கொண்டிருந்த இடம் தான் கரைந்து, அண்டையிலிருந்த கம்பிக்கு மின்முறைக் காப்பை அளித்துக்கொண்டிருந்தது. அவ்விடத்தைச் செப்பனிட்டவுடன் அந்தக் காப்பு நின்றுபோகிறது. அண்டைக் கான்கிரீட்டிலோ உப்பு முன்னரே சேர்ந்திருக்கிறது. இதுவரை அடங்கியிருந்த அரிப்பு அங்கே தலையெடுக்கிறது. ஆகவே கடலோரக் கட்டடத்தில் பெயர்ந்த இடத்தை மட்டும் அடைப்பது போதாது. ஒட்டின் விளிம்பிலுள்ள கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டிகளைப் பிணைத்து உள்ளே புதைப்பது ஒரு வழி. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைந்து தீரும். பெரிய பாலங்களிலும் துறைமுக மேடைகளிலும் வெளியிலிருந்து சிறிதளவு நேர்மின்னோட்டத்தைச் செலுத்திக் கம்பி முழுவதையும் காக்கும் முறையும் கையாளப்படுகிறது. இதற்கு இடையறாத கண்காணிப்பு வேண்டும். சிற்றூர்க் கட்டடங்களுக்குப் பொருந்தாது.

வெளிப்பூச்சுகளைப் பற்றி மிகையான விளம்பரங்கள் உலவுகின்றன. நல்ல கான்கிரீட்டின்மேல், கெடுமுன் இட்ட பூச்சு நீரையும் கரியமிலவாயுவையும் தடுத்து ஆயுளை நீட்டிக்கும். உள்ளே உப்பும் ஈரமும் நிறைந்த கான்கிரீட்டின்மேல் காற்றுப்புகாத வண்ணம் அடிப்பது, நோயை மூடி வைப்பதோடு சரி. சிறிது காலத்தில் வண்ணம் கொப்புளிக்கும். மொட்டைமாடியில் ஒழுக்கு கண்ட போதெல்லாம் பழையதை அகற்றாமல் புதுத்தளம் ஒன்றை அதன்மேல் வார்த்துக்கொண்டே போவதும் தவறு. கம்பி தேய்ந்து வலிமை குறைந்துவரும் தளத்தின்மேல் பாரம் மட்டும் கூடிக்கொண்டே வரும்.

தேய்மானத்தைப் பற்றிச் சிறிது. தரைகள் புழுதியாக உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம், கரண்டியால் தேய்க்கும்போது மேலே வந்த தண்ணீரில் சிமெண்டைத் தூவி மெருகேற்றியதே. அந்த மெல்லிய தோல் வலிமையற்றது. கால்வாய் மதகுகளிலும் அணைகளின் நீர்விழும் தளங்களிலும் மணலும் கல்லும் உருண்டு தேய்க்கும். அவற்றிற்குக் கெட்டியான ஜல்லியும் குறைந்த நீரும் கொண்ட உயர்வலிமைக் கான்கிரீட் தேவை. சாதாரணச் சாந்து அடுத்த வெள்ளத்தில் போய்விடும்.

புதிதாகக் கட்டும்போது

செப்பனிடும் செலவில் சிறு பகுதியைக் கட்டும்போதே செலவிட்டால் போதும் என்பதால், புதுக்கட்டடத்தை மேற்பார்க்கும் களப்பணியாளர் மூன்றை நேரில் பார்க்க வேண்டும். முதலாவது கவர். ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின்படி காற்று மழைக்கு ஒதுங்கிய இடங்களில் 20 மில்லிமீட்டரும், கடற்கரைச் சூழலில் 45 மில்லிமீட்டரும், கடல்நீர் தெறிக்கும் இடங்களில் 50 மில்லிமீட்டரும், ஏற்றவற்றப் பகுதியில் 75 மில்லிமீட்டரும் விடப்பட வேண்டும். உரிய கனத்தில் சிமெண்டுக் கவர் கட்டைகளை முன்னதாகவே வார்த்து வைத்துக் கம்பியின் கீழே கட்ட வேண்டும். ஜல்லித் துண்டையும் மரச் சிம்பையும் செருகுவது கூடாது. இரண்டாவது தண்ணீர். கடற்கரைச் சூழலில் தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படலாகாது. 50 கிலோகிராம் மூட்டைக்கு இது 22.5 லிட்டர். மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இதில் அடக்கம். கலவை இளகவில்லை என்று ஆள் ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் பின்னர் ஆவியாகி, உப்பும் கரியமிலவாயுவும் நுழையும் துளைகளாகிறது. மூன்றாவது ஈரம் காத்தல். சாம்பல் கலந்த சிமெண்டும் கசடுச் சிமெண்டும் உப்பு ஊடுருவுவதை நன்கு தடுக்கும். ஆயினும் அவை மெல்ல இறுகுவன. ஆகையால் 7 நாட்களுக்குப் பதில் 10 நாட்களாவது நனைத்தல் வேண்டும். இதைச் செய்யாவிடில் அவற்றின் நன்மை கிட்டாது.

மிகக் கடுமையான இடங்களில் துருவேறா எஃகுக் கம்பியே இடப்படுகிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் இரயில் பாலத்தில் இது கையாளப்பட்டுள்ளது. விலை மிகுதியாதலால் எங்கும் இயலாது.

அறிக்கை

வெடிப்பைக் கண்ட ஆசிரியர் அல்லது களப்பணியாளர் அதைப் பூசி மறைக்காமல் கீழ்க்கண்டவாறு குறித்து அனுப்புவது நலம்: கட்டிய ஆண்டு, கடலிலிருந்து உள்ள தூரம், வெடிப்பு கம்பியோடு செல்கிறதா, குறுக்கே செல்கிறதா, துருக்கறை உண்டா, பொள்ளல் ஒலி எவ்வளவு பரப்பில், பினாப்தலீன் சோதனையில் நிறமற்ற பட்டையின் அகலம், மேலே நீர் தேங்குகிறதா. வெடிப்பு வளர்கிறதா என்பதை அறிய, மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை அதன் குறுக்கே இரு புறமும் சிமெண்டினால் ஒட்டி, தேதியை எழுதிவைக்கலாம். கண்ணாடி விரிந்து முறிந்திருந்தால் அசைவு நிகழ்கிறது என்பது உறுதி. அன்றைய தினமே அந்தத் தாழ்வாரத்திலிருந்து வகுப்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அறிக்கையை அனுப்புக.